அமைதியான பெண் என்று எழுதினேன்

1

மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில், நாங்கள் குடியேறிய ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊரில் தமிழர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். இந்தியன் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது அப்படி ஒரு வீட்டுக்காரர் எதிரே வந்துவிட்டால், பருப்பு மூட்டைகள் இருக்கும் பக்கம் நைசாக நகர்ந்துவிட வேண்டும். பெரிய கல்லூரிகள் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று சொல்லும் வாரம் இது. "என்ன ஆச்சு?" என்று கேட்டால் குத்திக் காட்டுவது போலிருக்கும், கேட்காவிட்டால் விஷயம் தெரிந்துதான் கேட்கவில்லை என்று நினைப்பார்கள்.

போன வருடம் இதே வாரத்தில்தான், என்னிடம் தமிழ் படித்த கயல் விண்ணப்பித்த கல்லூரிகள் ஒவ்வொன்றாக இல்லை என்று சொல்லின. அதில் என் கையும் இருந்திருக்கலாம் என்று இந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. "இருந்திருக்கலாம்" என்றுதான் எழுத முடிகிறது. இருந்தது என்று யாராவது உறுதியாகச் சொல்லிவிட்டால்கூட நிம்மதியாக அழுதுவிடுவேன்.

நாமக்கல்லில் என்னோடு படித்தவர்கள் வாட்ஸப்பில் கேட்கிறார்கள்: "அங்கெல்லாம் மார்க் மட்டும் பாக்க மாட்டாங்களாமே, முழு ஆளையும் பாத்துத்தான் சீட் குடுப்பாங்களாமே, நம்ம புள்ளைங்களுக்கும் அப்படி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!" பத்து வருடத்துக்கு முன்னால் நானே ஊருக்கு வந்தபோது உங்களிடம் அப்படித்தான் அளந்துவிட்டுப் போனேன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்ளத்தான் இப்போது எழுதுகிறேன்.

2

வார நாட்களில் நான் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பள்ளி என்றால் கட்டடமெல்லாம் கிடையாது. ஒரு சர்ச்சின் அடித்தளத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மடக்கு மேசைகள், ஒரு வெள்ளைப் பலகை, "ஆன்ட்டி, மே ஐ கோ டு த ரெஸ்ட்ரூம்?" என்று கேட்கும் நாற்பது பிள்ளைகள். "தமிழ்ல கேளு" என்பேன். "தமிழ்ல போகலாமா?" என்பான் ஒருவன். இப்படித்தான் போகும்.

கயல் ஆறு வயதில் அங்கே வந்தாள். கயல்விழி செந்தில்குமார். அப்பா செந்தில் ஒரு வங்கியில் மென்பொருள் வேலை, அம்மா சுமதி வீட்டில். இருவரும் சென்னைக்காரர்கள். எட்டாவது நிலை வரை என்னிடம் படித்தாள். பிறகு நான்கு வருடம் எனக்கு உதவியாக வந்து சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில் இரண்டே ஞாயிறுதான் வரவில்லை. பேச்சு மிகக் குறைவு. நான் ஒன்று சொல்ல வாயெடுக்கும்போது அந்த வேலை பாதி முடிந்திருக்கும். என் மகள் மீரா மாதிரி எதற்கெடுத்தாலும் "வொய்?" என்று கேட்கிற ஜாதி இல்லை. உண்மையைச் சொல்கிறேன், இவள் என் வயிற்றில் பிறந்திருக்கக் கூடாதா என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவள் பன்னிரண்டாவது படித்த வருடம், அக்டோபரில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மேசைகளை மடக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு டைம் இருந்தா... எனக்கு ஒரு ரெக்கமண்டேஷன் லெட்டர் எழுத முடியுமா? ஸ்கூல் டீச்சர்ஸ் ரெண்டு பேர் எழுதுறாங்க. வெளியில இருந்து ஒருத்தர் எழுதலாம். என்னை ரொம்ப நாளா தெரிஞ்சவங்க நீங்கதான்."

"இதுக்குப் போய் முடியுமான்னு கேக்கறியா? எழுதறேன் கண்ணு," என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஏதோ பெரிய ஆளாகிவிட்ட மாதிரி இருந்தது.

இந்தக் கடிதத்தை மாணவர் படிக்கக் கூடாது. அதாவது படிக்கும் உரிமை உண்டு, ஆனால் "எனக்கு அந்த உரிமை வேண்டாம்" என்று ஒரு கட்டத்தில் டிக் செய்துவிடுவார்கள். செய்யாவிட்டால் கடிதத்துக்கு மதிப்பு குறைவாம். கயலும் டிக் செய்திருந்தாள். அதனால் நான் என்ன எழுதினேன் என்று அவளுக்குத் தெரியாது.

என்ன எழுதினேன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். கயல் மிகவும் அமைதியான பெண். பெரியவர்கள் பேச்சுக்குக் கீழ்ப்படிந்து நடப்பவள். பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட என்னை எதிர்த்துப் பேசியதில்லை. கடின உழைப்பாளி. கொடுத்த வேலையைச் சொன்னபடி முடிப்பாள். தமிழ்த் தேர்வில் எல்லா வருடமும் முதலிடம். எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வில் 1600-க்கு 1570. அவளால் எனக்கு ஒருநாளும் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. இத்தனையும் எழுதிவிட்டுக் கண்ணில் நீர் வர ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

ஒரு பல்கலைக்கழகம், கடிதத்தோடு சேர்த்து நிரப்பித் தரச் சொல்லி, தன்னுடைய சொந்தப் படிவம் ஒன்றையும் அனுப்பியிருந்தது. பண்பு, தலைமை, தன்னம்பிக்கை என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே சராசரி, நன்று, மிக நன்று, சிறப்பு, என் வாழ்நாளில் கண்ட மிகச் சிலரில் ஒருவர் என்று கட்டங்கள். பண்புக்கு "நன்று" என்பதில் டிக் செய்தேன். கொஞ்சம் யோசித்து, கயல் என்பதால் அதை "மிக நன்று" ஆக்கினேன். அதற்கு மேலே இருந்த கட்டங்களை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதெல்லாம் காந்திக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

3

எனக்கு வேறு எப்படித் தெரியும்? நான் பிளஸ் டூ முடித்தபோது மாற்றுச் சான்றிதழில் "மாணவியின் ஒழுக்கமும் பண்பும்" என்ற இடத்தில் எங்கள் தலைமையாசிரியை பச்சை மையில் "நன்று" என்று எழுதினார். அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு மேல் ஒரு வார்த்தையை அந்த இடத்தில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு "திருப்தி" என்று எழுதிவிட்டார்கள் என்று அவள் அம்மா பள்ளி வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார். என் அப்பா அந்தத் தாளை ஐந்து ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை லேமினேட் செய்து வைத்தார்.

ஒழுக்கத்தை வைத்து யாருக்கும் சீட் கொடுக்கவில்லை, மார்க்கை வைத்துத்தான் கொடுத்தார்கள். எனக்கு மெடிக்கல் சீட் முக்கால் மார்க்கில் போயிற்று. என்ஜினியரிங் கவுன்சிலிங்குக்காகச் சென்னைக்குப் போனோம். பெரிய கூடத்தில் திரையில் கல்லூரிப் பெயர்கள் ஓடும். ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே பொதுப் பிரிவில் இத்தனை இடம், பிற்படுத்தப்பட்டோருக்கு இத்தனை, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இத்தனை, தாழ்த்தப்பட்டோருக்கு இத்தனை, பழங்குடியினருக்கு இத்தனை என்று எண்கள். நம் முறை வருவதற்குள் அந்த எண்கள் குறைந்துகொண்டே வரும். அப்பா என் கையைப் பிடித்தபடி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நான் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சீட் வாங்கினேன். எனக்கு முன்னால் அழைக்கப்பட்ட பொதுப் பிரிவுப் பெண்ணுக்கு என்னைவிட மார்க் அதிகம், ஆனால் நான் எடுத்த கல்லூரி அவளுக்குக் கிடைக்கவில்லை. கூடத்தை விட்டு வெளியே போகும்போது அவள் அப்பா என் அப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த முறை நியாயமா என்று கேட்டால், எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், என்னால் நியாயம் என்றுதான் சொல்ல முடியும். அந்தப் பெண் வேறு சொல்வாள். ஆனால் எங்கள் இருவருக்கும் என்ன நடந்தது என்று தெரியும். என் முக்கால் மார்க் எந்தக் கேள்வியில் போயிற்று என்று இன்று கேட்டாலும் சொல்வேன்: வேதியியல் தாள், கடைசிப் பக்கம்.

4

கயல் பன்னிரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். பத்தில் இல்லை. ஒன்றில் காத்திருப்புப் பட்டியல், பிறகு அதுவும் இல்லை. கிடைத்தது எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் மட்டும்தான். அது நல்ல பல்கலைக்கழகம், நான் வேலை பார்க்கும் இடத்தில் பாதிப்பேர் அங்கே படித்தவர்கள். ஆனால் செந்தில் வீட்டில் அதைத் துக்கமாகத்தான் அனுசரித்தார்கள். இங்கே பிள்ளை சேர்ந்த கல்லூரியின் பெயர் போட்ட ஸ்டிக்கரைக் கார் பின்கண்ணாடியில் ஒட்டுவது வழக்கம். அவர்கள் ஒட்டவில்லை. சுமதி இரண்டு மாதம் தமிழ்ப் பள்ளிப் பக்கமே வரவில்லை.

வந்த மின்னஞ்சல்களைக் கயலே ஒருநாள் எனக்குக் காட்டினாள். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. இந்த வருடம் தகுதியான விண்ணப்பங்கள் ஏராளம், முடிவு எடுப்பது மிகக் கடினமாக இருந்தது, உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். காரணம் ஒன்றில்கூட இல்லை. என் வேலையில் ஒரு தொகுதி மாத்திரையை நிராகரித்தால், எந்தச் சோதனையில், எந்த அளவில் தவறியது, யார் பார்த்தார், யார் கையெழுத்திட்டார் என்று முழு அறிக்கை எழுத வேண்டும். "மொத்தமாகப் பார்த்தோம், சரிப்படவில்லை" என்று எழுதினால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு பெண்ணின் பதினேழு வருடத்துக்கு அந்த அறிக்கை தேவையில்லை.

காரணம் இல்லாத இடத்தில் ஆளாளுக்கு ஒரு காரணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். கோடையில் ஒரு பிறந்தநாள் விருந்தில் செந்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெடித்தார்.

"அங்க கோட்டான்னு தொரத்துனாங்க. ஓடி வந்தோம். இங்க முழு ஆளையும் பாக்குற ஹோலிஸ்டிக்காம்! நம்ம பசங்க எவ்ளோ எடுத்தாலும் ஏஷியன்னு ஒரு மூலையில தள்ளிடுவான். அவங்களுக்கு என்ன, ஆயிரத்து முந்நூறு எடுத்தாலும் கூப்ட்டுக் குடுப்பான்."

"அவங்க" யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கறுப்பர்களையும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களையும் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் மெதுவாக, "இப்பதான் சுப்ரீம் கோர்ட்டே ரேஸ் பாக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சே. அப்ளிகேஷன்ல ரேஸ் டிக் பண்ற கட்டத்த காலேஜுக்குக் காட்டுறதே இல்லையாமே," என்றார்.

"பேர காட்டுறாங்கல்ல? கயல்விழி செந்தில்குமார்னு படிச்சவனுக்கு அந்தக் கட்டம் எதுக்குங்க?" என்றார் செந்தில்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயில் பிரியாணியை வைத்துக்கொண்டு பேசாமலிருந்தேன். அவர் "தொரத்துனாங்க" என்று சொன்ன கோட்டாவில் படித்தவள் நான். இருபது வருடமாக அவர் வீட்டில் சாப்பிடுகிறேன், ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. என் கோழைத்தனத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

5

எங்கள் பிரிவில் டெனீஸ் என்று ஒரு தோழி. கறுப்பினப் பெண், என்னைவிடப் பத்து வருடம் மூத்தவள். கயலை வேண்டாமென்ற கல்லூரிகளில் ஒன்றில் அவள் மகனுக்கு அதே வருடம் இடம் கிடைத்தது. விருந்து நடந்து சில நாள் கழித்து மதிய உணவின்போது கயலின் கதையை அவளிடம் சொன்னேன். செந்தில் பேசியதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"என் மகனுக்கு இடம் கிடைத்ததும் இந்த ஆபீஸில் எத்தனை பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள் தெரியுமா? என்ன விளையாட்டில் சீட் வாங்கினான் என்று," என்றாள். "அவன் எதுவும் விளையாட மாட்டான். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே இருக்கும் சுவர் தெரியாது. அவனுடைய எஸ்.ஏ.டி. மார்க் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அங்கே போன பிறகும் அவனைப் பார்க்கிறவர்கள் மனதில் அதே கேள்விதான் ஓடும். நாலு வருடமும் ஓடும்."

பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு இப்போது திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. அவள் மகனுக்குக் கடிதம் எழுதிய ஆசிரியை நட்பில் அதை அவளிடம் காட்டினாராம். அதில் "நன்றாகப் பேசத் தெரிந்தவன்" என்று இருந்ததாம். டெனீஸ் அந்த வார்த்தையை எடுத்துவிடச் சொன்னாளாம். "பாராட்டுதானே?" என்று ஆசிரியைக்குப் புரியவில்லை. வெள்ளைக்காரப் பையனுக்கு யாரும் அப்படி எழுத மாட்டார்கள், எங்கள் பையன் பேசினால்தான் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது என்று டெனீஸ் சொன்னாளாம்.

"எங்கள் பிள்ளைகளைப் பற்றி எந்த வார்த்தை எழுதினால் அவர்கள் மனதில் எந்தப் படம் வரும் என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தெரியும். உங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நான் தெரியும் என்று தலையாட்டிவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். கயலுக்காக நான் எழுதிய கடிதம் அப்போது என் நினைவுக்கே வரவில்லை. அதை நான் செய்த நல்ல காரியங்களின் கணக்கில் வைத்திருந்தேன்.

6

இந்தப் பிப்ரவரியில் கயல் மறுபடி போன் செய்தாள். இப்போது அவள் கல்லூரியில் முதல் வருடம்.

"ஆன்ட்டி, அம்மா வேற காலேஜுக்கு ட்ரான்ஸ்ஃபர் அப்ளை பண்ணச் சொல்றாங்க. செகண்ட் இயருக்கு. ஒரே ஒரு காலேஜ்தான். மறுபடி ஒரு லெட்டர்... கேக்கவே கஷ்டமா இருக்கு. மார்ச் நடுவுல டெட்லைன்."

"உனக்குப் போகணுமா?" என்று கேட்டேன்.

"போனா நல்லாருக்கும் ஆன்ட்டி. அம்மா அப்பா சரியாயிடுவாங்க," என்றாள்.

மீரா இப்போது பதினொன்றாவது. அடுத்த வருடம் அவள் முறை. அவளுக்கும் இந்தக் கடிதமெல்லாம் எப்படி இருக்கும் என்று தெரியட்டுமே என்று, பழைய கடிதத்தைத் திறந்து கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது. படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, டிட் யூ ஹேட் ஹெர்?"

நான் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் விளையாட்டில்லை.

"வெறுத்தேனாவா? என்னடி பேசற? எவ்வளவு பாசமா எழுதிருக்கேன்!"

"கொயட், ஒபீடியன்ட், ஹார்ட்வர்க்கிங், நோ ட்ரபிள், ஹை ஸ்கோர். அம்மா, இதான் எல்லா ஏஷியன் கிட்ஸையும் பத்தி அவங்க நினைக்கிறது. அவங்க பத்தாயிரம் கயல் பாத்திருப்பாங்க. நீ பத்தாயிரத்து ஒண்ணுன்னு எழுதிக் குடுத்திருக்க." பிறகு திரையைத் தொட்டுக் காட்டினாள். "ஒபீடியன்ட்ன்னா இங்க நாய்க்குச் சொல்றது. ஸ்கோர் எதுக்கு எழுதின? அது ஏற்கனவே ஃபைல்ல இருக்கும்ல?"

எனக்குக் கோபம் வந்தது. அமைதியாக இருப்பது ஒரு குற்றமா, பெரியவர்களை மதிப்பது அசிங்கமா என்று கத்தினேன். மீரா கத்தவில்லை. அவளும் அதிசயமாக அன்று எதிர்த்துப் பேசவில்லை.

"ஓகே. அவ என்ன பண்ணா? மறக்க முடியாதது ஏதாவது ஒண்ணு சொல்லு."

யோசிக்கவே தேவையிருக்கவில்லை. ரிஷி என்று ஆறு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். முதல் நாளே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். யாரிடமும் பேசவில்லை. நான் கெஞ்சினேன், மிரட்டினேன், சாக்லேட் காட்டினேன். கயல் ஒன்றும் சொல்லாமல் தானும் மேசைக்கு அடியில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்றரை மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். நான்காவது ஞாயிறு அவன் தானாக வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

மீரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை ஏன் எழுதல?"

"அதெல்லாம் எழுதற விஷயமா?" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மீரா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். அந்தக் கை எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளை என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது அன்றுதான் முதல்முறை.

அதன் பிறகு ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. விண்ணப்பங்களைப் படிக்கிற யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனையோ படிக்கிறவர். கயலின் கோப்பைத் திறக்கிறார், 1570 பார்க்கிறார், பெயரைப் பார்க்கிறார். இந்தப் பெண் வேறு மாதிரியாக இருப்பாளோ என்ற சந்தேகம் ஒரு துளியாவது அவருக்கு வந்திருந்தால், அதைப் பதினொரு வருடம் தெரிந்த நானே கையெழுத்துப் போட்டுத் துடைத்துவிட்டேன். செந்தில் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் ஏஷியன் பிள்ளைகளைப் பற்றி என்ன நினைப்பார்களோ அதை நானே ஒரு பக்கத்துக்கு எழுதி, "மிக நன்று" என்று டிக்கும் செய்து அனுப்பியிருந்தேன்.

7

கயலிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மார்ச் முதல் சனிக்கிழமை பகலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். செந்தில் வெளியே போயிருந்தார். சுமதி "வாங்கக்கா, காபி போடறேன்" என்று உள்ளே போனாள். கயலும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அவள் கணினியில் விண்ணப்பம் பாதி நிரப்பியபடி திறந்திருந்தது.

"கயல், போன தடவ நான் எழுதுன லெட்டர் சரியில்ல கண்ணு. உனக்கு அது கெடுதல் பண்ணிருக்கும்னு நெனைக்கறேன். நீ படிக்கக் கூடாதுதான். ஆனா தெரிஞ்சுக்க," என்று தாளை நீட்டினேன்.

அவள் வாங்கிப் படித்தாள். மெதுவாகத்தான் படிப்பாள் எப்போதும். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து ஒருமுறை படித்தாள்.

"இதுல என்ன ஆன்ட்டி தப்பு?"

நான் மீரா சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர்கள் நம் பிள்ளைகளை எல்லாம் ஒரே மாதிரி நினைக்கிறார்கள், நானும் அதையே எழுதிவிட்டேன், உன்னைத் தனியாக எடுத்துக் காட்டவில்லை என்றேன். டெனீஸ் சொன்னதையும் சொன்னேன். பேசப் பேச எனக்குப் பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் முகத்தை நான் கவனிக்கவில்லை.

"ஆனா இது நான்தானே ஆன்ட்டி?" என்றாள். "கொயட்தான் நான். ஹார்ட்வர்க் பண்றேன். எதுத்துப் பேசினதில்ல. எல்லாம் கரெக்டாதான் எழுதிருக்கீங்க."

நான் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"நான் என்ன நெனச்சேன்னா... நெறய பேர் அப்ளை பண்ணிருப்பாங்க, லக் இல்ல, ரேஸ், ஏதோ ஒண்ணு. அவங்களுக்கு என்னைத் தெரியாதுன்னு நெனச்சேன்." தாளை மேசைமேல் வைத்து மடிப்பை விரலால் நீவிவிட்டாள். "தெரிஞ்சுதான் வேணாம்னு சொல்லிருக்காங்க."

"அப்படியில்ல கண்ணு, அப்படியில்ல. நான் வேற எழுதறேன். ரிஷிய ஞாபகம் இருக்கா? மேசைக்கு அடியில நீ அவன்கூட மூணு வாரம் உக்காந்தியே, அதை எழுதறேன். எவ்வளவு பொறுமை, எவ்வளவு..."

"ஆன்ட்டி, அது பொறுமையெல்லாம் இல்ல." அவள் என்னைத் தடுத்துப் பேசியது பன்னிரண்டு வருடத்தில் அதுதான் முதல்முறை. "அவனுக்குப் பேசப் பிடிக்கல. எனக்கும் என்ன பேசறதுன்னு தெரியல. அங்க உக்காந்தா யாரும் கேக்க மாட்டாங்கன்னு போய் உக்காந்தேன். எனக்கு அந்த மூணு வாரமும் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அவ்ளோதான். அதைப் போய் லீடர்ஷிப்புன்னு எழுதாதீங்க ப்ளீஸ்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன். கணினியை மெதுவாக மூடினாள்.

"ட்ரான்ஸ்ஃபர் வேணாம் ஆன்ட்டி. நான் பண்ணல."

"அவசரப்படாத கயல். அம்மாகிட்ட என்ன சொல்வ?"

அவள் தாளை நான்காக மடித்து என் கைப்பைக்குள் வைத்தாள். காரணம் தெரியாமலிருந்ததைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெண் ஒரு வருடம் நடமாடியிருக்கிறாள். என் மனம் லேசாக வேண்டும் என்பதற்காக நான் போய் அதையும் பிடுங்கிவிட்டேன். இதை அந்த மேசையில் உட்கார்ந்தபோதே உணர்ந்தேன். அப்போது சுமதி காபியோடு வந்தாள்.

"லெட்டர் எழுதிட்டீங்களாக்கா? டெட்லைன் வருதுன்னு இவ சொல்லிட்டே இருந்தா."

நான் கயலைப் பார்த்தேன். கயல் என்னைப் பார்க்கவில்லை.

"எழுதிட்டாங்கம்மா," என்றாள். "நல்லா எழுதிருக்காங்க. அனுப்பியாச்சு."

சுமதி தட்டை வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இந்தத் தடவ கெடச்சுரும்க்கா. நீங்க எழுதினா கெடச்சுரும்," என்றாள்.

கெடச்சுரும் என்றேன்.